சார்ஜ் சைக்கிள் வாங்கறீங்களா? காலை மறந்துடாதீங்க!

போன வருஷம் ஒரு நாள் காலையில், வேங்கிக்கால்ல இருந்து ஒரு தம்பதி என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். கணவர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பல வருஷமாக எனக்குத் தெரிந்தவர்.

"டாக்டர், நீங்க குடுத்த சூரணத்தை ஒரு வேளை கூட விடலை. இங்கிலீஷ் மாத்திரையும் போட்டுட்டுத்தான் இருக்கேன். சோத்தைக் குறைச்சுட்டேன். ஆனா சர்க்கரை ஏறிக்கிட்டே போகுதே, ஏன்?"

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாசத்துக்கு முன்னால் வெறும் வயிற்றில் 118. இப்போது 162. நாடி பார்த்தேன், சாப்பாட்டை விசாரித்தேன். எல்லாம் அவர் சொன்னபடிதான். கடைசியில் அந்த அம்மாதான் உண்மையைப் போட்டு உடைத்தார்.

"எங்கங்க இவரு முன்ன மாதிரி சைக்கிள் மிதிக்கிறாரு? மகன் சார்ஜ் வண்டி வாங்கிக் குடுத்துட்டான். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போறதுக்குக் கூட அதுலதான் போறாரு!"

விஷயம் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாகத் தினம் மிதித்த கால் ஆறு மாசமாகச் சும்மா இருக்கிறது. மாத்திரையும் சூரணமும் என்ன செய்யும், பாவம்!

நான் எலெக்ட்ரிக் வண்டிக்கு விரோதி இல்லை. என்னிடமே ஒன்று இருக்கிறது, அதுவும் ஏழாவது வருஷமாக. ஆனால் அது வேறு ஜாதி. பெடல் உள்ள, எடை குறைந்த பேட்டரி சைக்கிள். அந்த அனுபவத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். அந்த வண்டியை மிதிக்க மிதிக்க வண்டிக்கும் ஆயுசு கூடும், நமக்கும் கூடும். மிதிக்காமல் உட்கார்ந்தே போனால் இரண்டுமே சீக்கிரம் தளர்ந்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

மனிதன் மிதிக்க, மோட்டார் கை கொடுக்க...

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் வாடகை சைக்கிள்தான் எங்களுக்குத் தேர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஐம்பது வயதை நெருங்கியபோது முழங்கால் முணுமுணுக்க ஆரம்பித்தது. வேங்கிக்கால்ல வீடு, டவுனுக்குள்ளே வைத்தியசாலை. வேலூர் ரோட்டில் எதிர்க்காற்று அடிக்கிற நாளில் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். மொபெட் வாங்கலாமா என்று யோசித்தபோதுதான் இந்தச் சைக்கிளைப் பார்த்தேன்.

இந்த யோசனை ஜப்பானில் முளைத்தது. 1993-இல் யமஹா கம்பெனி முதன்முதலாக இப்படிப்பட்ட சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் மனிதன்தான் முதலாளி, மோட்டார் உதவியாள். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும்.

நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களில் பழகிய ஊர் இது. 2008-இல் கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை என்ற பெண்மணி ஆம்பியர் கம்பெனியைத் தொடங்கி எலெக்ட்ரிக் வண்டிகள் தயாரித்தார். பிறகு கிரீவ்ஸ் நிறுவனம் அதை வாங்கி, 2021-இல் நமக்குப் பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் பெரிய தொழிற்சாலை திறந்தது. ஆகவே 'இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம்' என்று ஒதுக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? பின் சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன மோட்டார். 250 வாட். பிரேமில் இரண்டு கிலோ எடையுள்ள ஒரு லித்தியம் பேட்டரி. பெடல் பக்கத்தில் ஒரு சென்சார். நீங்கள் மிதித்தால் அது கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டிக்குச் சொல்லும். உடனே மோட்டார் சக்கரத்தைத் தள்ளும். எவ்வளவு தள்ளணும் என்பதை ஹாண்டில்பாரில் உள்ள பட்டனில் நாமே வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஒரு திராட்டிலும் இருக்கும். அதைத் திருகினால் மிதிக்காமலே ஓடும். வம்பு ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்!

லைசென்ஸ் வேணுமா?

250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட, முறைப்படி பரிசோதித்து அனுமதி பெற்ற வண்டிக்கு நம் நாட்டுச் சட்டப்படி லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். ஆனால் 'லைசென்ஸே வேணாம் சார், நாற்பத்தஞ்சுல பறக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வேகத்தில் போனாலே அது மோட்டார் வாகனம்தான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் இருக்காது, சட்டமும் துணைக்கு வராது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஹெல்மெட் போடுங்கள். மண்டை எல்லா வண்டியிலும் ஒரே மண்டைதான்.

எடை ஏன் முக்கியம்?

என் சைக்கிள் ஏறக்குறைய 22 கிலோ. சார்ஜ் ஸ்கூட்டர் என்றால் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு. வாங்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. வாங்கின பிறகுதான் தெரியும். வாசல் படி ஏற்றணும், மழையில் திண்ணைக்கு இழுக்கணும்.

ஒரு சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ் அருகே என் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துபோனது. பேட்டரியை ஆஃப் செய்துவிட்டு சாதாரண சைக்கிளாக மிதித்து வீடு போய்ச் சேர்ந்தேன். கொஞ்சம் கனம், அவ்வளவுதான். அதே ரோட்டில் ஒரு தம்பி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வியர்த்து வழிந்தார். 'சார், உங்களுதுல பெடல் இருக்கு, குடுத்து வெச்சவர்' என்றார்.

என் முதல் பேட்டரியை நானே கொன்ற கதை

2019-ஆம் வருஷம் ஆவணி மாசம் வாங்கினேன். 28,000 ரூபாய். ஒரு தடவை சார்ஜ் செய்தால், மிதித்துக்கொண்டே போக 25 கிலோமீட்டர் வந்தது. ஆறு மாசம் ராஜபோகம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கபசுரக் குடிநீர் காய்ச்சுவதும் போனில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வதுமாக நாள் போனது. சைக்கிள் திண்ணை ஓரத்தில் கிடந்தது. கடைசியாக ஓட்டியபோது பேட்டரி கிட்டத்தட்ட காலி. அப்படியே இரண்டு மாசம் விட்டுவிட்டேன். மறுபடி எடுத்தபோது 18 கிலோமீட்டருக்கு மேல் வரவில்லை.

அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு, வைத்தியசாலைக்குப் பின்னால் தகர ஷெட்டில் நிறுத்தியது. சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலை வெயிலைப் பற்றி நான் சொல்லணுமா? மலையே அக்கினி என்பார்கள். அந்தத் தகரத்துக்குக் கீழே பேட்டரி வெந்தது. மூன்றாவது தப்பு, வெயிலில் ஓட்டி வந்து சூடாக இருக்கும்போதே சார்ஜில் போட்டது. நான்காவது, எப்போதும் நூறு சதவீதம் ஏற்றி ராத்திரி முழுக்க அப்படியே விட்டது.

2022 கடைசியில் அந்தப் பேட்டரி 12 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. மூன்று வருஷத்திலேயே கிழவன்!

சித்த மருத்துவத்தில் உடம்பைப் பற்றி என்ன சொல்கிறோமோ அதுதான் லித்தியம் பேட்டரிக்கும் பொருந்துகிறது. பட்டினி போட்டாலும் கெடும், வயிறு முட்டத் திணித்தே வைத்தாலும் கெடும், உஷ்ணம் ஏறினாலும் கெடும். காரணமும் எளிது. லித்தியம் பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. சூடு ஏறினால் தேவையில்லாத ரசாயன வேலைகளும் சேர்ந்து நடந்து உள்ளிருக்கும் சரக்கைத் தின்றுவிடும். முழுக்க நிரம்பியே இருந்தாலும் அதே கதி. அடியோடு காலியாகவே கிடந்தால் செல்கள் மீளமுடியாமல் பழுதாகும்.

2022 டிசம்பரில் அதே வகைப் பேட்டரி புதிதாகப் போட்டேன். இந்தத் தடவை கட்டுப்பாடாக வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் கழித்தும் 21, 22 கிலோமீட்டர் வருகிறது. பேட்டரி அதே ஜாதி, ரோடும் அதேதான். மாறியது என் பழக்கம் மட்டும்.

பேட்டரிக்குப் பத்தியம்

* இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தினசரி உபயோகத்துக்கு எண்பது, தொண்ணூறு வரை ஏற்றினால் போதும். நீண்ட தூரம் போகிற அன்றைக்கு மட்டும் நூறு.

* ஓட்டி வந்ததும் அரைமணி நேரம் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

* ஊருக்குப் போகிறீர்களா? பாதி சார்ஜில் கழற்றி, நிழலான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாசம் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

* வெயிலில் நிறுத்த வேண்டி வந்தால் பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்துப் போங்கள். இரண்டு கிலோதானே!

* கிளம்பும்போது திராட்டிலைத் திருகாமல் மிதித்துக் கிளம்புங்கள். நின்ற வண்டியை நகர்த்தத்தான் பேட்டரியிலிருந்து அதிகக் கரண்ட் இழுக்கும். நாலு மிதி நீங்கள் மிதித்தால் அந்தப் பளு குறையும்.

ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த சில சார்ஜ் ஸ்கூட்டர்களில் இருப்பது லித்தியம் இல்லை, இன்வெர்ட்டரில் உள்ளதைப் போன்ற லெட் ஆசிட் பேட்டரி. அதற்குப் பத்தியம் நேர்மாறு. ஓட்டி வந்த அன்றைக்கே முழுசாக ஏற்றிவிடணும், அரைகுறையாக விட்டால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டுப்போகும். ஆகவே உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாதத்துக்குக் கொடுக்கிற மருந்தைப் பித்தக்காரனுக்குக் கொடுக்கலாமா?

வேலூரில் நடந்த கொடுமை

2022 மார்ச் மாசம். நமக்கு எண்பது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீட்டுக்குள் சூழ்ந்த புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பேட்டரியும் அப்போது தூங்குகிற அறைக்கு வெளியேதான் சார்ஜில் இருந்தது. எழுந்துபோய் சுவிட்சை அணைத்தேன்.

லித்தியம் பேட்டரி என்பது தீப்பெட்டி அளவுள்ள பல செல்களின் கட்டு. அடிபட்டோ, தண்ணீர் இறங்கியோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறியோ ஒரு செல் அளவுகடந்து சூடானால், அந்தச் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை. வெளிவரும் புகையில் விஷ வாயுக்கள் உண்டு. நெருப்பு நெருங்குவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். இதைத் தடுக்கத்தான் நல்ல பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல்காரச் சர்க்யூட் இருக்கிறது. அந்த வருஷம் இப்படிப் பல விபத்துகள் நடந்த பிறகு, மத்திய அரசு நிபுணர் குழு வைத்து, 2022 டிசம்பரிலிருந்து எலெக்ட்ரிக் வாகனங்களின் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது.

என் பழைய பேட்டரி தளர்ந்த சமயத்தில் ஒரு மெக்கானிக் வந்தார். "சார், கம்பெனி பேட்டரி பத்தாயிரம் ஆவும். நான் செல்லு வாங்கி நாலாயிரத்துல கட்டித் தர்றேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, மருந்துக் கடையில லேபிள் இல்லாத பாட்டில் குடுத்தா வாங்குவீங்களா?"

நான் வாயடைத்துப் போனேன். ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க, வீட்டுக்குள் எதைக் கொண்டுவர இருந்தேன்! அடுத்த வாரமே கம்பெனி பேட்டரிக்குப் பணம் கட்டினோம். வண்டி விற்ற கடை அதற்குள் மூடப்பட்டிருந்தது. வேறு ஊரிலிருந்து வரவழைக்க ஒரு மாசம் ஆனது. அந்த ஒரு மாசமும் வெறும் காலால்தான் மிதித்தேன். அதனால்தான் சொல்கிறேன், வாங்கும் முன்பே 'இதே பேட்டரி நாலு வருஷம் கழிச்சு எங்க கிடைக்கும், என்ன விலை' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் சார்ஜ் போடுபவர்கள் இவற்றை மறக்காதீர்கள்:

* தூங்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் சார்ஜ் வேண்டாம். நாலைந்து மணி நேரம் போதும், பகலிலேயே முடித்துவிடுங்கள்.

* வாசலை அடைக்கிற இடத்தில், மாடிப்படிக்குக் கீழே, கட்டிலுக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டர் அருகில் வைக்கவே கூடாது. தீப்பிடித்தால் நீங்கள் வெளியே போகிற வழியிலேயே அது இருக்கும்.

* வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் உபயோகியுங்கள். பிளக் பாயின்ட் தளர்ந்திருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

* பேட்டரி உப்பினாலோ, வாடை வந்தாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ மறுபடி சார்ஜ் போடாதீர்கள். வெட்டவெளியில் வைத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

* புகை வந்தால் அணைக்கப் போகாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள்.

* பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தயாரிப்பாளரே திரும்பப் பெறணும் என்று 2022-லிருந்து சட்டவிதி இருக்கிறது.

நோட்டுப் புத்தகக் கணக்கு

என் மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இந்தச் சைக்கிளுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். முதல் ஆறு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தோம்.

தினம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள். ஆறு வருஷத்தில் 18,000 கிலோமீட்டர். வண்டி விலை 28,000. புது பேட்டரி 10,000. டயர், டியூப், ஸ்போக்ஸ், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 7,000. கரண்ட் செலவு? ஒரு சார்ஜுக்குக் கால் யூனிட்தான் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் 2 ரூபாய். ஆறு வருஷத்துக்கு 1,500 ரூபாய்! ஆக மொத்தம் 46,500. கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் சொச்சம்.

அதே தூரத்தை லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற மொபெட்டில் போயிருந்தால் 400 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் 40,000. வண்டி விலை, ஆயில், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் தனி.

லாபம்தான். ஆனால் கடைக்காரர் சொல்கிற மாதிரி 'ரெண்டு ரூபாய்ல ஓடுது' என்று மயங்காதீர்கள். இந்த வண்டியின் உண்மையான பெட்ரோல் பேட்டரிதான். அதற்கான பணத்தைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுகிறோம். மாசம் 250 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். புது பேட்டரி வாங்கும் நாளில் கை கடிக்காது.

முழங்காலும் சர்க்கரையும்

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மோட்டார் உதவியோடு மிதிப்பதும் அந்த மிதமான உழைப்பில் சேர்த்தி என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சாதாரண சைக்கிளைவிடக் கொஞ்சம் குறைவு, சும்மா உட்கார்வதைவிடப் பல மடங்கு அதிகம். என் கணக்கில் போக வர தினம் முப்பது நிமிஷத்துக்குக் குறையாமல் மிதிக்கிறேன். ஆறு நாளைக்கு 180 நிமிஷம். தனியாக வாக்கிங் போக நேரம் இல்லையே என்ற புலம்பல் இல்லை.

உழைப்பு சரியா என்று தெரிந்துகொள்ள மிஷின் வேண்டாம். மிதிக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் மோட்டார் உதவியை ஒரு படி குறையுங்கள். பேசவே முடியவில்லை என்றால் ஒரு படி கூட்டுங்கள்.

சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்று சொல்கிற முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது ரொம்ப உதவி. நடக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். சைக்கிளில் அந்தப் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும். முட்டி வெறுமனே மடங்கி நீளும், தொடைத் தசை வலுப்படும். தொடைத் தசை வலுவாக இருந்தால் முட்டிக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் சீட் தாழ்வாக இருக்கக் கூடாது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடிந்திருக்கணும். எதிர்க்காற்றிலும் மேட்டிலும் பல்லைக் கடித்து மிதிக்காமல் மோட்டார் உதவியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி உளுந்துத் தைலத்தை இளஞ்சூட்டில் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். முட்டி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். படபடப்பு, நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் நிறுத்திச் சாப்பிட பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். மிதிக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. இதய நோய் உள்ளவர்களும், தலைசுற்றல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கணும். கோடையில் காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. கூடவே ஒரு பாட்டில் நீர்மோர்.

பஞ்சர், மழை, பிரேக்

பின் சக்கரத்தில் மோட்டாரும் ஒயரும் இருப்பதால் பஞ்சர் கடைப் பையன்கள் தொடவே பயப்படுகிறார்கள். வாங்குகிற அன்றைக்கே ஒயரை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பின்சக்கர நட்டுக்குச் சேருகிற ஸ்பேனர் ஒன்று பையில் இருக்கட்டும். முள் நிறைந்த ரோட்டுக்குக் கொஞ்சம் கெட்டியான டயர் போட்டால் தொல்லை பாதியாகும்.

வேகம் கூடுவதால் பிரேக் கட்டையும் வேகமாகத் தேயும். மாசம் ஒருதரம் பாருங்கள். பின் ஸ்போக்ஸ் ஒன்று உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், விட்டால் பக்கத்தில் உள்ளதும் போகும். வாரம் ஒருதரம் காற்று, மாசம் இரண்டு தரம் செயினுக்கு எண்ணெய். மழையில் ஓட்டலாம், முழங்கால் தண்ணீரில் இறக்கக் கூடாது. வாட்டர் சர்வீசுக்கு விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

'சார்ஜ் சைக்கிள்லயே கிரிவலம் போகலாமா டாக்டர்?' என்று ஒருவர் கேட்டார். பதினாலு கிலோமீட்டர், பேட்டரி தாங்கும். ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் சைக்கிளை நுழைத்து நடப்பவர்கள் காலில் ஏற்றாதீர்கள். உடம்பு இடம் கொடுக்கிறவரை அண்ணாமலையாரை நடந்தே சுற்றுங்கள். அந்த நடைக்கு ஈடு எந்த மோட்டாரும் இல்லை.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள்?

ஸ்கூட்டரை விற்கச் சொல்லி நான் சொல்லவில்லை. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. "அம்மாவுக்கு இடுப்பு வலி. அவங்களைக் கோவிலுக்கு, மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் அதை எடுங்க. நீங்க தனியாப் போற இடத்துக்கெல்லாம் பழைய ஹெர்குலிஸ்தான்" என்றேன். எதிர்க்காற்று தாங்கவில்லை என்று இரண்டு வாரத்தில் வந்தார். என் சைக்கிளைக் கொடுத்து வேங்கிக்கால் ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு போய் வரச் சொன்னேன். சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். மகனிடம் பேசி அவரும் ஒன்று வாங்கிவிட்டார்.

மூன்று மாசம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார். வெறும் வயிற்றில் 124. மருந்தில் நான் எதையும் மாற்றவில்லை.

"டாக்டர், திராட்டில் ஒயரைக் கழட்டிட்டேன்" என்றார்.

"ஏன்?"

"அது இருந்தா கை தன்னால அங்க போயிடுது. மிதிச்சாத்தான் ஓடும்னு இருந்தாத்தான் நான் மிதிப்பேன்!"

பக்கத்தில் நின்ற அந்த அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. என் சைக்கிளில் திராட்டில் இன்னும் இருக்கிறது. கழற்றிவிடலாமா என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.